பிள்ளை எங்கே தடக்குப்படுகிறது? கற்றல் கொள்கைகளும் எமது சனிக்கிழமை வகுப்பும்

(எமது வானொலியின் கல்வி நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இங்கே சிட்னியில் எமது பெற்றோர் பலரிடமிருந்து அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் உண்டு. "என்ன செய்யிறது, இவனுக்குத் தமிழ் வருகுதில்லை." வேறு சிலர், "என்ரை மகளுக்குக் கணக்கு ஓடாது" என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் பிள்ளையில் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். சனிக்கிழமை காலை நித்திரையை விட்டு எழும்பிப் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்து விடுகிறவர்கள்தான். ஆனாலும் அந்த வசனம் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. பிள்ளையும் அதைக் கேட்கிறது, நம்பியும் விடுகிறது. பிறகு செலக்ரிவ் பாடசாலைப் பரீட்சை வருகிறது. ஐந்தாம் வகுப்பில், "முதலில் ரியூஷன், தமிழைப் பிறகு பார்ப்போம்" என்று நிறுத்துகிறார்கள். அந்தப் 'பிறகு' பெரும்பாலும் வருவதில்லை. ஆங்கிலம் பேச வராத அம்மம்மாவும் தமிழ் பேச வராத பேத்தியும் ஒரே வீட்டில் சிரித்துக்கொண்டு மட்டும் இருக்கிற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை உளவியலாளர்களும் கல்வியியலாளர்களும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். நடத்தைவாதம், அறிகைவாதம், கட்டுருவாக்கவாதம் என்ற பெயர்கள் ஊரிலே ஆசிரிய கலாசாலையில் படித்தவர்களுக்குப் பழகியவை. இவற்றுள் எது சரி, எது பிழை என்று பட்டிமன்றம் நடத்துவது எனது நோக்கம் அல்ல. நான் சொல்ல வருவது ஒன்றுதான். கற்கும்போது பிள்ளை தடக்குப்படக்கூடிய இடங்கள் பல. ஒவ்வொரு கொள்கையும் அவற்றில் ஓர் இடத்தை எமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. வயிற்றுவலி என்று போனால் வைத்தியர் எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று கேட்ட பிறகுதான் மருந்து எழுதுவார். நாமும் "வராது" என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர், எங்கே தடக்குப்படுகிறது என்று கேட்கவேண்டும். அப்படிக் கேட்கக்கூடிய ஐந்து கேள்விகளை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது கேள்வி: ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டோமா?

எமது மனம் ஒரே தடவையில் கையில் வைத்து வேலை செய்யக்கூடிய விடயங்கள் மிகச் சில. அமெரிக்க உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் அதை ஏழளவு என்று கணக்கிட்டார். பின்வந்த ஆய்வுகள் நான்களவுதான் என்கின்றன. இந்த அடிப்படையில் அறிகைச் சுமைக் கொள்கையை 1980களில் வகுத்தவர் ஜோன் சுவெலர். இவர் எமது சிட்னியிலேயே, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புதிதாகக் கற்கிற ஒருவருக்குச் சுமை கூடினால் கற்றல் நின்றுவிடும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இந்த அட்டவணையை முழுதாக நீட்டி, "பாடமாக்கு" என்று சொன்னால் இங்கே பிறந்த பிள்ளை மிரளாமல் என்ன செய்யும்? வீட்டிலும் வீதியிலும் தமிழ் எழுத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த அட்டவணை பொருந்தலாம். வாரத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் தமிழைப் பார்க்கிற பிள்ளைக்கு அது சுமை.

அதற்குப் பதிலாக அ, ப, ட, ம என்ற நான்கு எழுத்துகளையும் மெய்யெழுத்தின் மேலே வைக்கிற புள்ளியையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். படம், பட்டம், அப்பம், மட்டம், பப்படம் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன! அடுத்த கிழமை அரவு ஒன்றை மட்டும் சேருங்கள். அம்மா, அப்பா, மாமா, பாடம் என்பவை வாசிக்க வரும். முதல் நாளே "அப்பம்" என்று தானாக வாசித்த பிள்ளைக்கு எழுத்து என்பது பொருள் உள்ள ஒன்றாகிறது. 216 உயிர்மெய்களும் 216 புது உருவங்கள் அல்ல என்பதும் மெல்ல விளங்கும். பதினெட்டு உருவங்களும் சில குறிகளும்தான். உகர ஊகார வரிசைகளில்தான் உருவம் கூடுதலாக மாறும். அவற்றைக் கடைசியில் நிதானமாகப் பழக்கலாம்.

கணக்கிலும் இதே விதிதான். சுவெலரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், செய்துகாட்டிய அட்சரகணிதக் கணக்குகளைப் படித்த மாணவர்கள், தாமாகவே பல கணக்குகளைச் செய்து பார்த்த மாணவர்களிலும் பார்க்க, அதே வகைக் கணக்குகளை விரைவாகச் செய்தார்கள். ஆகவே இருபது கணக்கைக் கொடுத்து, "செய்து முடித்துவிட்டு வா" என்பதற்கு முன், இரண்டு கணக்கை முழுதாகச் செய்து காட்டுங்கள். மூன்றாவதைப் பாதி செய்து கொடுங்கள். நான்காவதைப் பிள்ளை செய்யட்டும். பிள்ளை தேறிய பிறகு செய்துகாட்டுவதை நிறுத்திவிடவேண்டும். தெரிந்ததையே திரும்பக் காட்டினால் அதுவும் சுமைதான்.

இரண்டாவது கேள்வி: கையாலும் கண்ணாலும் அறியும் முன்னரே சொல்லாக மட்டும் கொடுத்துவிட்டோமா?

சுவிற்சர்லாந்து அறிஞர் ஜோன் பியாஜே செய்த பரிசோதனை ஒன்றை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கிளாசில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றிலுள்ள தண்ணீரைப் பிள்ளையின் கண்முன்னே உயரமான ஒடுங்கிய கிளாசுக்கு மாற்றுங்கள். எதில் கூடத் தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால் நாலைந்து வயதுப் பிள்ளைகளிற் பலர் உயரமான கிளாசைக் காட்டுவார்கள். இது மந்தம் அல்ல. அந்த வயதின் சிந்தனை அப்படி. ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறியக்கூடிய பொருள்களைக் கொண்டுதான் நன்றாகச் சிந்திப்பார்கள் என்றார் பியாஜே. பிள்ளைகள் பியாஜே நினைத்ததைவிட முன்னதாகவே பலவற்றை விளங்கிக்கொள்கிறார்கள் என்று பின்னர் வந்தவர்கள் காட்டியுள்ளார்கள். ஆனாலும் பொருளிலிருந்து தொடங்கவேண்டும் என்ற பாடம் நிலைத்து நிற்கிறது.

நான்கில் ஒன்றா, எட்டில் ஒன்றா பெரிது என்று கேட்டால் பல பிள்ளைகள் எட்டில் ஒன்று என்பார்கள், நாலைவிட எட்டுப் பெரிதல்லவா! ஒரு தோசையை எடுங்கள். பாதியாக வெட்டினால் அரை. அரையைப் பாதியாக்கினால் கால். காலைப் பாதியாக்கினால் அரைக்கால். எட்டில் ஒன்றுக்குத் தமிழில் உள்ள பெயரே காலின் பாதி என்று சொல்லிவிடுகிறது பாருங்கள். தோசையை வெட்டிய கையும் அந்தச் சொல்லும் சேர்ந்தால் பிள்ளை இனிப் பிழை விடாது.

இத்தாலியின் மரியா மொன்ரிசோரி 1907இல் உரோம் நகரில் பிள்ளைகளுக்கான தமது முதலாவது இல்லத்தைத் தொடங்கினார். அரத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும் முறையை அவர் வகுத்தார். அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். விசயதசமியில் ஏடு தொடக்கும்போது, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் "அ" எழுதுவிக்கிறோமே, அதுவும் விரலால் கற்பதுதான். நாங்கள் அதை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிடுகிறோம். ஒரு தட்டில் அரிசியோ மணலோ பரப்பி, புது எழுத்து வரும் ஒவ்வொரு கிழமையும் செய்யலாம்.

மூன்றாவது கேள்வி: பிள்ளையைத் தனியே விட்டுவிட்டோமா, அல்லது எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுத்துவிட்டோமா?

இரசிய அறிஞர் லெவ் வைகொட்ஸ்கி, பியாஜே பிறந்த அதே 1896ஆம் ஆண்டிற் பிறந்தவர். 37 வயதிலேயே 1934இல் காசநோயால் காலமானார். பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒன்று, பக்கத்தில் ஒருவர் இருந்து உதவினால் செய்யக்கூடியது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை அண்மைய விருத்தி வலயம் என்கிறோம். கற்பித்தல் நடக்கவேண்டிய இடம் அதுதான். அதற்குக் கீழே கொடுத்தால் பிள்ளைக்கு அலுப்பு. மேலே கொடுத்தால் பயம்.

அந்த உதவி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு வூட், புரூனர், றொஸ் ஆகிய மூவரும் 1976இல் நல்ல உவமை ஒன்றைத் தந்தார்கள். வீடு கட்டும்போது சுவரைச் சுற்றிச் சாரம் கட்டுவார்கள். சுவர் எழும்பி நின்றதும் சாரத்தைக் கழற்றிவிடுவார்கள். உதவியும் அப்படித்தான்.

பிள்ளை வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டால் உடனே சொல்லிக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். வரவில்லையா, முதல் எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லுங்கள். அதற்கும் வரவில்லையா, அதைப் போன்ற தெரிந்த சொல்லை ஞாபகப்படுத்துங்கள். கடைசியில்தான் சொல்லை வாசித்துக் காட்டவேண்டும். அடுத்த முறை அதிலும் ஒரு படி குறைவாக உதவுங்கள்.

உதவுகிறவர் ஆசிரியராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. எமது திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார்கள். 1789 முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லப் பள்ளி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தமது பள்ளியிலும் புகுத்தினார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அதைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பரவியது. ஆகவே உங்கள் வீட்டில் அக்கா தம்பிக்கு வாசித்துக் காட்டட்டும். சொல்லிக் கொடுக்கிற பிள்ளையும் இன்னொரு தடவை கற்கிறது.

நான்காவது கேள்வி: கற்றதை மறப்பதற்கு முன் திரும்பக் கேட்டோமா?

ஜேர்மன் அறிஞர் ஹேர்மன் எபிங்கவுஸ் 1885இல், தம்மைத் தாமே சோதித்து, மறதி எப்படி நடக்கிறது என்று அளந்து காட்டினார். கற்றவுடன் முதல் சில மணித்தியாலங்களிலும் முதல் நாளிலும் மறதி வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. சனிக்கிழமை கற்றதை அடுத்த சனிக்கிழமைதான் திரும்பப் பார்க்கிறோம் என்றால் இடையில் என்ன மிஞ்சும்? "போன கிழமை சொல்லிக் கொடுத்தது, இந்தக் கிழமை ஒன்றும் தெரியாது" என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதன் காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணித்தியாலம் உட்கார்த்துவதிலும் பார்க்க, கிழமையில் ஆறு நாள் பத்துப் பத்து நிமிடம் நல்லது. நேரம் அதேதான், நினைவில் நிற்பது கூட.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? பெரும்பாலானோர், "திரும்ப வாசி" என்பார்கள். அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, பிறகு பாராமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு கிழமையின் பின் சோதித்தபோது அவர்கள் 42 வீதத்தையும், நினைவுபடுத்தி எழுதியவர்கள் 56 வீதத்தையும் ஞாபகம் வைத்திருந்தார்கள். இவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்தான். ஆனால் சிறு பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, "இன்றைக்கு வந்த மூன்று சொல் என்ன?" என்று காருக்குள்ளே கேளுங்கள். பரீட்சை போலக் கேட்காமல் விளையாட்டாகக் கேளுங்கள்.

ஐந்தாவது கேள்வி: பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதா? அந்த விருப்பத்தை நாங்களே குறைத்துவிட்டோமா?

ஒரு செயலுக்குப் பின் நல்ல விளைவு வந்தால் அந்தச் செயல் திரும்ப நடக்கும் என்று தோண்டைக்கும், அவருக்குப் பின் ஸ்கின்னரும் காட்டினார்கள். இதைத்தான் மீளவலியுறுத்தல் என்கிறோம். சிறு சிறு படிகள், உடனுக்குடன் சரி பிழை சொல்லுதல் என்பவை நடத்தைவாதம் எமக்குத் தந்த நல்ல கருவிகள். வாய்ப்பாடு, எழுத்தின் வரிவடிவம் போன்ற, பழக்கத்தால் வரவேண்டியவற்றுக்கு இவை நன்றாக உதவும்.

ஆனால் பரிசு கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய மூவரும் 1973இல், தாமாகவே விரும்பி வர்ணப் பேனையால் படம் வரைகிற பாலர்களை ஆராய்ந்தார்கள். சிலருக்கு, "வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்னரே சொன்னார்கள். சில நாட்களுக்குப் பிறகு பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகளின் ஆர்வம் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி நேரவில்லை. ஆகவே பிள்ளை விரும்பாத வேலையைத் தொடங்கிவைக்க ஒரு ஸ்ரிக்கர் உதவலாம். ஏற்கனவே விரும்பிக் கதை கேட்கிற பிள்ளைக்கு, "கதை வாசித்தால் ஐந்து டொலர்" என்று விலை பேசவேண்டாம்.

பாராட்டிலும் கவனம் தேவை. முல்லரும் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்ட பிள்ளைகள் பின்னர் கடினமான புதிர்கள் வந்தபோது துவண்டார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பின்வந்த பெரிய ஆய்வுகள், மனப்பாங்கை மாற்றுவதால் வரும் பயன் முதலில் எண்ணிய அளவு பெரிதல்ல என்று காட்டின. மந்திரமாக நம்பாவிட்டாலும், "இந்தச் சொல்லில் மூன்று தடவை முயன்று பிடித்துவிட்டாய்" என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். "என் பிள்ளை பார்த்துப் படிக்கிற ரகம், காதால் கேட்டால் ஏறாது" என்று சிலர் சொல்வார்கள். ஹவார்ட் கார்ட்னர் 1983இல் எழுதிய பல்வகை நுண்ணறிவுக் கொள்கையையும் இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். கார்ட்னரே இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை இப்படி ரகம் பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, 2008இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தும் கேட்டும் செய்தும்தான் கற்கிறார்கள். "தமிழ் வராது" என்பதைப் போலவே "காதால் ஏறாது" என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

தமிழ் படித்தால் ஆங்கிலம் குழம்பிவிடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. ரொறன்ரோவில் பணியாற்றிய ஜிம் கமின்ஸ் 1979 முதல் எழுதி வந்தது இதற்கு மாறானது. ஒரு மொழியில் விளங்கிக்கொண்ட கருத்தும் வாசிப்புத் திறனும் மற்ற மொழிக்கும் கைகொடுக்கும் என்பதே அவரது முடிவு. தோசையில் அரைக்காலை விளங்கிய பிள்ளை, திங்கட்கிழமை பாடசாலையில் எட்டில் ஒன்றைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. ஆகவே செலக்ரிவ் பரீட்சைக்காகத் தமிழை நிறுத்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம் எந்தப் பரீட்சையையும் கெடுத்துவிடாது.

இந்த ஐந்தையும் செய்து பார்த்தும், தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பு மிகவும் கடினமாகவே இருந்தால், அது டிஸ்லெக்சியா எனும் வாசிப்பு இடர்ப்பாடாக இருக்கலாம். கேட்டலிலோ பார்வையிலோ குறை இருக்கவும் கூடும். குடும்ப வைத்தியரிடமும் பாடசாலையிலும் கதையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேரத்தோடு கண்டால் உதவி உண்டு.

முடிப்பதற்கு முன், வருகிற கிழமைக்கு ஒரு சின்னத் திட்டம். ஞாயிறு, புது எழுத்தை அரிசியில் எழுதுங்கள். திங்கள், அந்த எழுத்து வரும் மூன்று சொற்களை வாசித்துக் காட்டி, பிறகு வாசிக்க விடுங்கள். செவ்வாய், புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் சொற்களைக் கேளுங்கள். புதன், அக்காவோ அண்ணாவோ உதவட்டும். வியாழன், போன கிழமைச் சொற்களையும் கலந்து கேளுங்கள். வெள்ளி, தொலைபேசியில் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ ஒரு வரி வாசித்துக் காட்டட்டும். அவர்கள் மறுமுனையில் மகிழ்வதைக் கேட்கிற பிள்ளைக்கு வேறு பரிசு தேவைப்படாது.

அடுத்த மாதம் இன்னொரு கல்விச் சிந்தனையோடு உங்களைச் சந்திக்கும்வரை விடைபெற்றுக்கொள்கிறேன்.